ஏழாம் வரி

வாழைச்சேனைக் கிளையில்
கடனறிக்கை அச்சிடும் இயந்திரம்
என் மேசைக்கு இடப்பக்கம்.
அதன் தலையில் தேநீர் வைத்தால் ஆறாது.
ஆள் வந்து உட்காருமுன்
ஆளைப் பற்றிய தாள் வந்துவிடும்.
முகத்தைப் பிறகுதான் பார்ப்பேன்.

வதனரூபியின் அறிக்கை,
மூன்றாம் பக்கம், ஏழாம் வரி:
அவள் வாங்காத கடன்.
குழுவில் ஐந்து பேர், ஐந்து கையெழுத்து.
ஒருத்தி குவைத்துக்குப் போனாள்.
ஒருத்தி செத்துப்போனாள்.
மற்ற இருவர் வீட்டு நாய்களுக்கும்
வசூல்காரனின் மோட்டார்சைக்கிள் சத்தம் அத்துப்படி.
நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு
நாசிவந்தீவில் இவள் பெயரில் வந்து நின்றது.

அவள் கேட்டது
மா அரைக்கிற மெசின் ஒன்றுக்கு.
மூன்று தரம் வந்தாள்.
மூன்று தரமும் அந்த வரியை விரலால் தொட்டு
"மறுகா வாறன் சேர்" என்று போனாள்.

மாசியில் வர்த்தமானி வந்தது.
ஒழுங்குவிதி பதினான்கு:
பிறர் கடனுக்குப் பிணை நின்றவரின் அறிக்கையில்
அக்கடன் தோன்றலாகாது.

எந்த அதிகாரசபையின் எத்தனையாம் மாடியிலோ
யாரோ ஒருவர்
'தோன்றலாம்' என்று எழுதி, யோசித்து,
வெட்டியிருக்க வேண்டும்.
அந்த ஆளுக்கு ஒரு பிளேன்ரீ
என் கணக்கில்.

அன்றைக்கு அச்சிட்டேன்.
ஆறுக்குப் பிறகு எட்டு.
இடையில் வெறும் தாள்.
ஆயிரம் ரூபாய் நோட்டைச் சோதிப்பதுபோல
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"அழிச்சிட்டாங்களா சேர்,
ஒளிச்சிட்டாங்களா?"

விண்ணப்பத்தை வாங்கி வைத்தேன்.

வியாழக்கிழமை பாராளுமன்றம்.
கிளைத் தொலைக்காட்சியில் சத்தம் வைப்பதில்லை,
முகாமையாளர் உத்தரவு.
அடியில் எழுத்து ஓடியது:
ஒழுங்குவிதி பதினான்கை இரத்துச் செய்யும் பிரேரணை.
வாய்கள் அசைந்தன.
ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்,
எங்கள் பக்கத்து ஆளாயிருக்கலாம்,
கமரா அங்கே போகவில்லை.
நான் ஒரு சோடித் தோட்டை
அடகுக்கு நிறுத்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது கிரிக்கெட்.

கடன் கொடுப்பவருக்கு
முழு உண்மையும் தெரிய வேண்டுமாம்.
மறுநாள் பத்திரிகையில் போட்டிருந்தது.
சரிதான்.
தாளில் குவைத் இல்லை.
சாவு இல்லை.
நாய்களும் இல்லை.
ஏழாம் வரி மட்டும்
முழு உண்மை.

வெள்ளி காலை அது திரும்பி வந்திருந்தது,
அதே இடத்தில், அதே எழுத்தில்,
வட்டி மட்டும் கொஞ்சம் வளர்ந்து.
கூடவே சுற்றறிக்கை:
வியாழனுக்கு முன் முத்திரையிட்டவை செல்லும்.
மற்றவை திருப்பி அனுப்பப்படும்.

லாச்சியில் அவள் விண்ணப்பம்.
முகாமையாளரின் ஒப்பம், புதன்கிழமைத் திகதியில்.
முத்திரை இல்லை.
புதன் பின்னேரம்
நான் வெள்ளனப் போய்விட்டேன்,
மகளுக்குப் பல்வலி.

முத்திரையின் றப்பர் சக்கரத்தில்
என் கட்டைவிரல். ஊதா மை.
ஒரு பல் பின்னுக்குக் கிறுக்கினால் வியாழன்.
இரண்டு பல், புதன்.
பதினொரு வருடத்தில்
முன்னுக்கு மட்டுமே கிறுக்கியிருக்கிறேன்.

முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.
நெற்றியில் வியர்வை,
கையில் மெசின் கடைக்காரனின் விலைத்துண்டு
எட்டாய் மடித்து.

"என்ன சேர் தேடுறீங்க?"

"திகதி" என்றேன்.