கடைசி ரீல்

திங்கள்சந்தை பஸ்ஸில் எங்கோ தவறிவிட்டதாம்
கடைசி ரீல்.
ஆப்பரேட்டர் மூன்றாம் முறையாக
தகர டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுகிறார்
உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல.
முட்டம் கோயில் மைதானம், திருவிழாவின் ஏழாம் இரவு,
விரித்த சாக்குகளில் ஊர் முழுதும்.
மைக் என் கையில்.

ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுப்பவன் என்பதால்
எனக்கு இந்த வேலை.
வெள்ளைக்காரன் வாய் அசைந்தால் நான் பேச வேண்டும்.
இதுவரை சொன்னது இவ்வளவுதான்:
பாலத்தைக் காக்க இரண்டு பேரை நிறுத்தினார்கள்.
குண்டு விழுந்ததும் ஒருவன் ஓடிவிட்டான்.
மற்றவன் பின்னாலிருந்து கூப்பிட்டதை
நான் தமிழில் சொல்லவில்லை.
பெயரைத்தானே கூப்பிட்டான்.

அப்புறம் படைச்சாமியார் ஒருவர்,
இரும்புத் தொப்பியில் மழைநீர் பிடித்தபடி
ஓடியவனிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்.
'எனக்கு விசுவாசம் இல்லை' என்கிறான்.
'சரி, முழங்காலுக்கு இருக்கிறதா பார்' என்கிறார்.
அது படத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது.
பங்குச்சாமியார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.

திரை என்று கட்டியிருப்பது
பனியடிமையின் கட்டுமரப் பாய்.
கடலை விட்டதும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டான்.
நெஞ்சுயரத்தில் ஓர் ஒட்டு, நீல நூல் தையல்.
சிப்பாய் எந்தப் பக்கம் ஓடினாலும்
அதைத் தாண்டித்தான் ஓட வேண்டியிருந்தது.

ஆனி மாதக் கடல். இரண்டு மரம், ஒரே கயிறு.
கயிறு அறுந்தது என்றான் கரையேறி.
நுனியைப் பார்த்தவர்கள் எதுவும் பேசவில்லை.
அறுந்த கயிறு விரல் விரித்துக் கிடக்கும்.
இது நகம் வெட்டியதுபோல் இருந்தது.

'பிறவு என்னாச்சு?' என்கிறது கூட்டம்.
முன்வரிசையில் ரெஜீஸ்மேரி,
மடியில் தூங்கும் பயலின் காதைப் பொத்தியபடி.

பிறவு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
நாகர்கோவிலில் இந்த மாதிரிப் படம் எத்தனையோ பார்த்தாச்சு.
ஓடியவன் திரும்பி வருவான்.
தனியாளாகப் பாலத்தைப் பிடிப்பான்.
விடியும்போது சுடப்படுவான், வயலின் வாசிப்பார்கள்,
சாமியார் அவன் கண்ணை மூடிவிடுவார்.
மன்னிப்பதற்கு அவர்களுக்கு ஒரு பிணம் வேண்டும்.

அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
பின்னால் வலைக்குவியல் அருகே ஒரு பீடி
இழுப்பாரின்றி எரிந்துகொண்டிருந்தது.

'அவன் சாகல்ல' என்றேன்.
'பாலம் போச்சு. கூட்டாளி போனான்.
சண்டை முடிஞ்சு இவன் உயிரோட ஊருக்கு வந்தான்.'

விசில். 'கதைய மாத்தாதேயும் சாரே!'
எங்கிருந்தோ ஒரு செருப்பு.
ரெஜீஸ்மேரி எழுந்திருக்கவில்லை, திரும்பவுமில்லை,
வெறும் பாயைப் பார்த்துக் கேட்டாள்:
'வந்தவன் மற்றவனுக்க வீட்டுக்குப் போனானா?'

அதற்கு என்னிடம் இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை.
கலங்கரை விளக்கின் வெளிச்சம்
தலைகளுக்கு மேலாக ஒரு சுற்று வந்துபோனது.
இன்னொரு சுற்று.

'போனான்' என்றது வலைப்பக்கத்து இருட்டு.
'நடை வரைக்கும்.'

'கதவு தொறந்துதான் கெடந்துது' என்றாள் அவள்.

ஆப்பரேட்டர் பாதி வாடகையாவது தரச்சொல்லி
கோயில்பிள்ளையிடம் வழக்கைத் தொடங்கினார்.
சாக்குகள் உதறப்பட்டன. பாயை யாராவது அவிழ்க்க வேண்டும்,
அது ஒற்றை ஆள் மடிக்கிற துணியில்லை.
நான் மைக் வயரைச் சுருட்டினேன்,
சுருட்டியதைப் பிரித்து
மறுபடியும் சுருட்டினேன்,
அந்தப் பக்கம் பார்க்காமல்.