பெயின்ட் தேய்ந்த இடம்

கிடினியா துறைமுகத்தில்
ஏழாம் எண் கிரேன் என்னுடையது.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
இருபத்திரண்டு வருடமாக அதில்
உட்கார்ந்தே உலகத்தைத் தூக்கி வைக்கிறேன்,
கப்பலிலிருந்து கரைக்கு,
கரையிலிருந்து கப்பலுக்கு.
எடை எனக்குப் புதிதல்ல,
என்னுடையதைத் தவிர.

டாக்டர் காகிதத்தில் ஒரு எண்ணை வட்டமிட்டார்.
"வலென்ட்டி, இது ரத்த அழுத்தமா
லாரி டயருக்கு அடித்த காற்றா?"
நான் சிரிக்கவில்லை.
அந்த வருடம் எதற்குமே சிரிக்கவில்லை.

பிப்ரவரி. விடியாத ஐந்து மணி.
யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் அந்த நேரம்.
கடற்கரைச் சாலையில் வரிசையாய் விளக்குக் கம்பங்கள்.
ஒரு கம்பத்துக்கு ஓட்டம்,
அடுத்த இரண்டுக்கு நடை.
ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன்;
நாயோடு வந்த ஒருவர்
நடந்தே என்னைத் தாண்டிப் போனார்.
நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது,
கொஞ்சம் கவலையோடு.

மூச்சு, பழந்துணி கிழிகிற சத்தம்.
வாயில் துருப்பிடித்த சாவியின் ருசி.
விலாவுக்குள் யாரோ கோணி ஊசியால் தைத்தார்கள்.
பால்டிக் காற்று
போகும்போதும் எதிரே அடித்தது,
வரும்போதும் எதிரே அடித்தது.
எப்படியென்று இன்றுவரை விளங்கவில்லை.

போதும், இனி இல்லை என்றேன்.

அன்று வேலை முடிந்து வந்தவன்
ஷூவைக் கழற்றக் குனிந்தேன்.
ஒரு ஷூ கழன்றது.
மற்றதோடு காலையில் விழித்தேன்.
கலினாவின் அம்மா
வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனதிலிருந்து
என் பக்கமே எட்டிப்பார்க்காத தூக்கம் அது.

அதனால் மறுநாளும் போனேன்.
ஆரோக்கியத்துக்காக அல்ல.
தூக்கத்தைத் திருடி வர.

எதிரே தினமும் ஒரு மஞ்சள் குல்லாய் வரும்.
அறுபது வயதுப் பெண்மணி,
ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல் ஓட்டம்.
முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
பிறகு தலையசைப்பு.
பிறகு இரண்டு விரல் உயரும், அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒன்பது நாள் குல்லாய் வரவில்லை.
கூண்டில் இருக்கும்போதும் அதே நினைப்பு.
நாற்பதடி கன்டெய்னரைக்
கயிற்றில் தொங்கவிட்டபடி யோசித்தேன்:
பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்காக
நான் கவலைப்படுகிறேனா?
எனக்குள் அந்த அறைக்கு
இன்னும் மின்சாரம் இருக்கிறதா?

பத்தாம் நாள் வந்தார்,
மணிக்கட்டில் மாவுக்கட்டோடு.
"பனிக்கட்டி வழுக்கிவிட்டது" என்றார்.
"கையால் ஓடுவதில்லையே" என்றேன்.
இருவரும் நின்று சிரித்ததில்
ஓட்டம் கெட்டது.
அவர் பெயர் லுத்மிவா.

ஏப்ரலில் ஒருநாள், படகுத்துறை தாண்டி,
கம்பங்களை எண்ண மறந்திருந்தேன்.
கால் தன் பாட்டுக்குப் போனது,
மூச்சு அதன் கூடவே போனது,
நான் ஏதோ பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவன்போல்.
அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது.
காற்று, வேறென்ன, என்று சொல்லிக்கொண்டேன்.
அன்றைக்குப் பார்த்துக் காற்றே இல்லை.
அழுதுகொண்டே ஓடலாம் என்பதை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
துடைக்க நிற்க வேண்டியதில்லை,
காது வரைக்கும் போய் அதுவே காய்ந்துவிடும்.

பெருமையடிக்க ஒன்றுமில்லை.
பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறேன்.
இடது முழங்கால் மழைக்கு முன்பே முனகுகிறது.
டாக்டர் வட்டமிட்ட எண் இறங்கியது,
இன்னும் இறங்க வேண்டுமாம்.
கலினாவுக்கு ஞாயிறுதோறும் போன் செய்கிறேன்;
முன்பெல்லாம் என்ன பேசுவதென்று தெரியாது.
இப்போது முழங்காலைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் கிரேனுக்கு லிஃப்ட் கிடையாது.
மூன்றாவது தட்டில் நின்று
கைப்பிடியைப் பற்றி இளைப்பாறுவது என் வழக்கம்.
இருபத்திரண்டு வருடப் பிடியில்
அங்கே மட்டும் பெயின்ட் தேய்ந்து
இரும்பு தெரியும்.

போன செவ்வாய் மேலேறிப்
பையை மாட்டி, பிளாஸ்கைத் திறந்து
தேநீர் ஊற்றும்போதுதான் உறைத்தது,
இன்று நிற்கவில்லை.

குனிந்து பார்த்தேன்.
உள்ளங்கை அகலத்துக்கு வெறும் இரும்பு
வெயிலில் மினுங்கியது.
அதைப் பிடித்தபடி கனத்த ஆள் ஒருவன்
இன்னும் மூச்சு வாங்கி நிற்பதுபோல் இருந்தது.
"ஏறி வா, டீ ஆறுது" என்றேன்.

ரேடியோ பொத்தானில் முழங்கை பட்டிருக்கிறது.
கீழேயிருந்து கேட்டார்கள்:
"யாரை, வலென்ட்டி? யாரைக் கூப்பிடுகிறாய்?"