கால் அங்குலம்

வரவேற்பறை என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லை.
சோபாவை விற்ற காசு மெஷினுக்குப் போனது,
அதுவும் பாதிக்குத்தான் காணும்.
வருகிறவர்கள் துணிப்பொதியில் இருப்பார்கள்,
அல்லது நிற்பார்கள்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, கடல்பக்க யன்னல்.
உப்புக்காற்று ஊசியை ஒரு கிழமையில் தின்றுவிடும்,
அரிசிப் போத்தலுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.
ரெயில் போனால் கையை எடுத்துவிட வேண்டும்.
முதல் மாதம் எடுக்காமல் தைத்த கோடு
ஆரோ ஒருவரின் கட்டிலில்
இன்னும் தும்மிக்கொண்டிருக்கும்.

ஏழு பேர், இருபது சதுரம்.
எல்லாம் பன்னிரண்டரை அங்குலம் என்று
குரல்பதிவில் இரண்டு தரம் சொன்னேன்.
பெனடிக்டா கொட்டாஞ்சேனையிலிருந்து
இடியப்பப் பெட்டிக்குள் கொண்டுவந்தது பன்னிரண்டே கால்.
டில்ருக்ஷியினது பதின்மூன்று:
வெட்டலாமே, வளர்க்க முடியாதே என்று
சின்னக் கடதாசி ஒன்று குத்தியிருந்தது.
நிரோதினி தன் அலுவலகச் சேலையைக் கிழித்திருந்தாள்.
ஷிஃபான்! மெஷின் காலுக்குக் கீழே
அது ஒளித்து விளையாடும்.

ருமைஸா வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை.
அவளுடைய சதுரத்தைப் பார்த்து
அளவுநாடா தன்னைத் திருத்திக்கொள்ளும்.
தன்னுடையதை வைத்துவிட்டு
மற்றவர்களுடையதைப் புரட்டினாள்:
"இந்தப் பச்சைக்குப் பக்கத்தில இந்த மஞ்சளா?
பாவம், இதப் போத்தப் போற ஆள்."
நாங்கள் ஆறு பேரும்
ஆளுக்கொரு திசையில் பார்த்தோம்.

அவள்தான் அந்த ஆள்.
ஜனவரியில் எட்மன்டன். மகன் கூப்பிட்டுவிட்டான்,
விசா வந்துவிட்டது,
பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.
எனக்கு ரைஸ் குக்கர்.

பொருத்துமுன் எல்லாவற்றையும்
கவிழ்த்துப்போட்டு அயர்ன் பண்ணினேன்.
ருமைஸாவின் நட்சத்திரம், பின்பக்கம்:
தையலை ஒட்டி, பிரித்துத் தைத்த ஊசித்துளைகள்
மூன்று வரிசை.
பதினொரு வருடம் நினைத்திருந்தேன்
அவளுக்கு ஒரே தரத்தில் வருகிறதென்று.
ஆவி வைத்துத் தேய்த்தேன். துளைகள் மூடவில்லை.

மேலே சதுரங்கள், நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி.
தரையில் விரித்து முந்நூறு சட்டைப்பின்.
அதற்குப் பிறகு இரண்டு நாள்
படியிறங்கும்போது முழங்கால் எண்ணிச் சொல்லும்.

பல்லை இறக்கிவிட்டால் மெஷின் துணியை இழுக்காது.
ஊசி நின்ற இடத்தில் நின்று குத்தும்,
நான்தான் போர்வையைக் கொண்டு ஓட வேண்டும்.
காலும் கையும் ஒத்துப்போனால் அலை மாதிரி வரும்,
ஒத்துப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.
திருப்பிப் பார்த்தால்
அடியில் நூலெல்லாம் இமைமயிராக நிற்கிறது.
இழுவை தளர்ந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.
தைத்தது பத்து நிமிடம்.
பிரித்தது இரண்டே முக்கால் மணித்தியாலம்,
அதில் ஒன்று கரண்ட் இல்லாமல்,
தலையில் டோர்ச் கட்டிக்கொண்டு.
கணவர் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார்,
இருக்க இடம் கேட்கவில்லை.

ஓரப்பட்டி மட்டும் கைத்தையல்.
அந்தச் சனிக்கிழமை
ருமைஸா சொல்லாமல் வந்தாள்.
ஐந்தடி நீளத்தை எங்கே ஒளிப்பது?
ஒரு பக்கத்தை இழுத்து மடியில் போட்டு,
கைப்பையிலிருந்து தன் விரலுறையை எடுத்தாள்.
நவம்பர்ப் புழுக்கம். ஃபேன் போட்டால் நூல் பறக்கும்.
போர்வைக்குக் கீழே அவளுடைய கால்கள் வெந்தன,
மேலுதட்டில் வேர்வை.

"ஆருக்கு புள்ள இது, இந்தச் சூட்டுல?"

பெனடிக்டா இருமினாள்.
பெயர் எழுதிவைத்த வெள்ளைத் துண்டை
நான் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே தள்ளினேன்.
"ஒரு ஓடர்."

"எவ்வளவுக்கு?"

வாயில் வந்த ஒரு தொகையைச் சொன்னேன்.

"குறைவு," என்றாள் நிமிராமல்.
நூலைப் பல்லால் கடித்தாள்.
இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.