கேட்காமல் விட்டது

கல்மண்டபம் ஜெராக்ஸ் கடையில்
பாதி மேசை டில்லிபாபுவுக்கு வாடகை,
மறுபாதியில் பால் பாக்கெட் ட்ரே.
இன்ஷூரன்ஸ் முடிய ஆறு நாள் இருக்கிறது.
"ஏழாயிரத்து எண்ணூறு வருதுக்கா" என்றான்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"கொறைக்கலாம்" என்றான்.

மூன்றாம் நபர் கட்டணம் சர்க்கார் போட்டது,
அதில் கை வைக்க முடியாது.
மற்றதெல்லாம் காசிமேடு ஏலம்தான்,
விடியற்காலம் சொன்ன விலை
வெயில் ஏறினால் நிற்குமா?
நாலு கம்பெனியில் கேட்டான்.
ஒருத்தன் சட்டென்று ஆயிரம் இறங்கினான்.
காரின் மதிப்பையும் சேர்த்து
இறக்கி வைத்திருந்தான்.
"இது தள்ளுபடி இல்லக்கா.
வண்டி காணாப்போற அன்னிக்குதான் தெரியும்."

சாவி தொலைந்தால் சாவி,
நடுவழியில் நின்றால் இழுத்துப்போக ஆள்,
ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே வந்தான்.
இழுத்துப்போக மஸ்தான் இருக்கிறார், டிங்கர்,
போன் போட்டால் திட்டிக்கொண்டே வருவார்.
முதல் இரண்டாயிரத்து ஐந்நூறை
நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால்
இன்னும் கொஞ்சம் குறையுமாம்.
எழுதிக்கொடுத்தேன்.
எப்படியும் நான்தானே ஏற்கிறேன்.

போன தை மாதம் எண்ணூர் விரைவுச் சாலை.
துறைமுக வரிசையில் நின்றிருந்த கன்டெய்னர்
ஒரு முழம், ஒரே ஒரு முழம், பின்னால் வந்தது.
இடதுபக்கக் கதவு உள்ளே போய்விட்டது.
இறங்கி வந்த டிரைவர் ஒடியாவில் ஏதோ சொன்னான்.
மூன்று நாளாய்த் தூங்காத கண்.
நான் திட்ட நினைத்தது
தமிழிலேயே வரவில்லை.

மஸ்தான் நாலாயிரத்து இருநூறு கேட்டார்.
கிளெய்ம் போடு, கிளெய்ம் போடு என்றது தெரு முழுக்க.
டில்லிபாபு ரேஷன் கார்டு நகலின் பின்பக்கத்தில்
கணக்கு எழுதிக் காட்டினான்:
கேட்டால் இரண்டாயிரம் தேறும்.
கேட்காவிட்டால்
இரண்டாயிரத்து எண்ணூறு மிஞ்சும்,
அதுவும் இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்.

கேட்காமல் இருப்பதற்கு ஒரு போனஸ்.
முதல் வருஷம் இருபது,
பிறகு இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து,
ஐந்தாம் வருஷம் ஐம்பது சதவீதம்.
ஒருமுறை கேட்டால்
மறுபடி பூஜ்யம்.

இந்த ஐம்பதில் நாற்பத்தைந்து என்னுடையதில்லை,
எத்திராஜுடையது.
வண்டிக்குச் சேர்ந்ததில்லையாம் அது,
ஆளுக்குச் சேர்ந்ததாம்.
இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்
இரண்டும் கொடுத்தால் மனைவிக்கு வருமாம்.
பி.எஃப். பணத்துக்கு நாத்தனார் வந்தாள்,
மோதிரத்துக்குக் கொழுந்தன் வந்தான்.
இதில் மட்டும்
யாரும் பங்கு கேட்கவில்லை.

மணலியில் பத்தொன்பது வருஷம்
பாய்லர் பக்கத்தில் நின்ற மனிதர்.
இருமலுக்கு ஒரு தாள் எழுதிக் கேட்டதில்லை,
ஓவர்டைம் பாக்கி கேட்டதில்லை,
ஸ்டான்லியில் கட்டில் கிடைக்காத இரவிலும்
தரையே போதும் என்றார்.
அதற்கெல்லாம் சதவீதம் போட்டு
எந்தக் கம்பெனியும்
கடிதம் அனுப்பவில்லை.

கடைசி ஐந்து நான் சேர்த்தது.
மஸ்தானுக்குக் கொடுத்த நாலாயிரத்து இருநூறில்
வாங்கியது.
கதவில் வெள்ளை இன்னும் வேறு வெள்ளையாய் இருக்கிறது.

"என்ஜின் கவரையும் எடுத்துர்லாமாக்கா?
எழுநூறு கொறையும்."
வெளியே ஐப்பசித் தூறல் ஆரம்பித்திருந்தது.
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
கூரை மட்டும் தெரிய ஒரு பஸ்,
அதன் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்ததைப்
பார்த்தவள் நான்.
"அது இருக்கட்டும். அதை மட்டும் கேப்பேன்" என்றேன்.

ஆறாயிரத்து நூற்றுப் பத்து.
ஆறு நாள் முன்னாலேயே கட்டிவிட்டேன்.
தொண்ணூறு நாள் தாண்டினால்
எத்திராஜும் பூஜ்யம்.

திரும்பும்போது அதே சாலை, அதே வரிசை.
முன்னால் ஒரு கன்டெய்னர்.
ஒரு வண்டி நுழையும் இடம் விட்டு நிற்கிறேன்.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
கேட்கட்டும்.