சனிக்கிழமைக்காரன்

உறையைப் பிரித்தது டாக்டர் ஷாஹிதா.
உள்ளே ஒரு தாள். தாளில் ஒற்றை எழுத்து.
"உங்களுக்கு வாரம் ஆறு நாள், ஆறு வாரம்."
எனக்கு முன்னால் உறை வாங்கிய அந்துவானுக்கு
வாரம் ஐந்து நாள், ஏழு வாரம்.
இருவருக்கும் கதிர் முப்பத்தைந்துதான்.
வித்தியாசம் சனிக்கிழமை.

முதுநகர் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம்
மீன் ஏலம் விட்ட தொண்டை இது.
இப்போது தண்ணீர் கேட்கவே
விரலைத்தான் அனுப்புகிறேன்.
அதனால் எழுதுகிறேன்,
சங்கரா பாக்கி குறித்த நோட்டின் பின்பக்கத்தில்.

எதற்கு ஆறு, எதற்கு ஐந்து என்று எழுதிக் காட்டினேன்.
"நாம் லீவு விடுகிற நாளில்
கட்டி லீவு விடுவதில்லை.
சீக்கிரம் முடித்தால் அதற்குத் தலைதூக்க நேரமில்லை.
ஆனால் வாயும் சீக்கிரம் புண்ணாகும்."
எது நல்லது?
"அது தெரியாமல்தான் உறை" என்றார்.
பெயர் தெரியாத மீன் கரைக்கு வந்தால்
நானும் கூட்டத்தைப் பார்த்துத்தான்
ஆரம்ப விலை கேட்பேன்.

வெந்நீரில் ஊறிய வலைத்துண்டை
முகத்தில் வைத்து அமுக்கினார்கள்.
என் மூக்கு, என் மோவாய், அப்படியே இறுகியது.
மேசையோடு சேர்த்துப் பூட்டியபோது
கண்ணி ஒவ்வொன்றாக எண்ணினேன்.
உள்ளேயிருந்து வலை பெரியதாகத் தெரிகிறது.

சனிக்கிழமை கடலூர் பஸ்ஸில் உட்கார இடமிருக்காது.
பாதிப் பேர் முள்ளோடையில் இறங்கிவிடுவார்கள்,
பாட்டில் அங்கே மலிவு.
போன வருஷம் வரை நானும் இதே பஸ், இதே கிழமை.
இறங்கும் இடம்தான் கோரிமேடு வரை
நீண்டுவிட்டது.
அஞ்சலாட்சி ஒன்றும் சொல்வதில்லை.
ஞாயிறு விற்க சனியன்றுதான் மீன் எடுக்கணும்,
ஆறு ஞாயிறு அவள் கூடை கவிழ்ந்தே கிடந்தது.

அந்துவான் நெல்லித்தோப்பில் பன் சுடுகிறவன்.
"அடுப்பை முறுக்கினால் மேலே கருகும்,
அடக்கினால் மாவு புளித்துப் பொங்கிவிடும்,
உன் சூடு ஒரு கணக்கு, என் சூடு ஒரு கணக்கு" என்பான்.
மூன்றாவது வாரம் அவன் கேன்டீனில் பொங்கல் தின்றான்,
நான் மூக்குக் குழாயில் கஞ்சி.
ஐந்தாவது வாரம்
அவனும் பொங்கலைப் பார்க்க மட்டும் போனான்.
ஒரு செவ்வாய் மெஷின் படுத்துக்கொண்டது.
அன்று ஆறு நாள்காரர்கள், ஐந்து நாள்காரர்கள்
எல்லோரும் ஒரே பெஞ்சில்
கழுத்தில் ஒரே நிறத்தோடு.

எனக்கு முடிந்தது ஒரு சனிக்கிழமை.
வராந்தாவில் யாருமில்லை.
பதில் வர ஐந்து வருஷமாகும்,
நூற்றுக்கணக்கான பேரை எண்ணணும் என்றார் டாக்டர்.
எண்ணும்போது நான் இருக்கணும் என்று எழுதினேன்.
படித்துவிட்டு அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வெள்ளி, அந்துவானின் முப்பத்தைந்து.
இளநீரோடு போனேன்.
வெளியே வந்தவன் கரகரத்தான்:
"யார் ஜெயிச்சது?"

தொண்டையைச் செருமினேன்.
ஈர மணலில் படகு இழுக்கிற சத்தம் வந்தது.
இருந்தாலும் என் சத்தம்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது.
அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தேன்,
காற்று படட்டும் கழுத்தில்.