ஏழாவது உருப்படி

ஹாதர்ஸ்லி நகர மன்றத்தில்
பேசுவது என் வேலையில்லை.
யார் பேசினார், என்ன பேசினார், எவ்வளவு நேரம்
அவ்வளவுதான் நான்.
இருமலை எழுதுவதில்லை.
நாற்காலி கிறீச்சிடுவதை எழுதுவதில்லை.
பத்தொன்பது வருடமாக
இந்த ஊர் தன்னைப் பற்றி ஞாபகம் வைத்திருப்பதெல்லாம்
என் தட்டச்சில்தான்.

நவம்பர். செவ்வாய். வெளியே மழை.
ஐந்தாவது உருப்படி: நூலகக் கூரை.
ஆறாவது: குப்பைத்தொட்டி மூடிக்கு என்ன நிறம்.
அதற்கே ஐம்பது நிமிடம் ஆயிற்று.
ஏழாவது: இரண்டாம் ஓடுபாதை.
பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம்.

ஊனா பெட்டிஃபர் எழுந்தாள்.
விமான நிலைய வேலியோரத்து முள்மரங்களில்
காற்று முடிச்சுப் போட்டுவிட்ட பைகளைக்
கம்பால் அவிழ்த்து இறக்குபவள்.
சனிக்கிழமைகளில். முதல் வருடம் தனியாக.
அப்புறம் மீன்கடை டெஸ்மண்ட் கிரேக்
ஏணியோடு வந்தார்.
‘கிளைக்குக் கிளை என் கடைப் பெயர்தான் ஆடுகிறது,
பார்க்கச் சகிக்கவில்லை’ என்றார்.
அடுத்த திங்கள் முதல்
கானாங்கெளுத்தி காகிதத்தில்.
ஒரு மாதம் என் கைப்பை மீன் நாறியது.
பிறகு ரொட்டிக்கடை, மருந்துக்கடை, கடைசியில்
எதற்கும் மசியாத செருப்புக்கடை திருமதி த்ரெல்ஃபால்கூட.

‘பை சுலபம்’ என்றாள் ஊனா ஒருமுறை,
தபால் நிலைய வரிசையில்.
‘பை, கம்புக்கு எட்டும்.’

மைக்கின் முன்னால் காகிதத்தை நீவினாள்.
‘தலைவர் அவர்களே, என் சமையலறை ஜன்னலைத் திறந்தால்...’

ஏழு நாற்பது. மலாகாவிலிருந்து வருவது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியாது என்றவர்கள்
எங்கள் ஊரில் குடியிருந்ததில்லை.
இங்கே ஊர்வாய்க்கு
இரண்டு நிமிடத்துக்கொரு மூடி
வானத்திலிருந்தே இறங்குகிறது.
குரலை உயர்த்திக்கொள்வோம்.
கல்யாணத்தில் ‘சம்மதம்’ என்பதையே
கத்தித்தான் சொல்வோம்.

ஊனா கத்தவில்லை.
வாயை மூடிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாள்.
நாங்களும் பார்த்தோம்.
தம்ளர் தண்ணீர் வட்டம் வட்டமாய் நடுங்கியது.
கடிகாரம் மட்டும்
அவள் கணக்கில் தின்றுகொண்டிருந்தது.

ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்கினாள்.
மறுபடி ஒன்று. மறுபடி நிறுத்தினாள்.
தூக்கம், சுவாசம், புகை,
பாதியில் நின்ற ஒரு கணக்கு.
மணி அடித்தது. நன்றி, அடுத்தவர்.
முடிவு ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது.
என் மகன் கீரன் அங்கேதான் பெட்டி ஏற்றுகிறான்.
எங்கள் வீட்டுக் கடனில் பாதியை
அந்தச் சத்தம்தான் கட்டுகிறது.
ஏப்ரலில் நானும் தெனெரீஃப் போனேன்,
ஜன்னலோர இருக்கை.
எங்கள் கூரையைத் தேடினேன்.
எல்லாக் கூரையும் ஒன்றுபோல் ஈரமாக இருந்தன.

இரவு ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தட்டச்சு செய்தேன்.
‘இடைவெளி’ என்று போட்டேன். அழித்தேன்.
‘மௌனம்’ என்று போட்டேன்.
அது பச்சைப் பொய்.
பழைய விதிக்கே திரும்பினேன்:
யார், என்ன, எவ்வளவு நேரம்.

பேசியவர்: விமானம். நாற்பத்தொரு விநாடி.
பேசியவர்: ஊ. பெட்டிஃபர். எழுபத்தொன்பது விநாடி.
பேசியவர்: விமானம். நாற்பத்தொரு விநாடி.

பின்னிரவு வேலை முடிந்து வந்த கீரன்
கோட்டைக் கழற்றாமலே
என் தோளுக்கு மேலாக வாசித்தான்.
டீயை ஊற்றினான். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
‘இரண்டாவது சரக்கு விமானம், அம்மா.
அதற்கு இன்னும் நீளம்.’

ஒலிப்பதிவைத் திரும்ப ஓட்டினேன்.
நாற்பத்தாறு.
திருத்தினேன்.