பதினாலாம் இலக்கம்

கொக்குவிலில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே பெயின்ற் மணம்,
அதற்கும் மேலே இரும்பும் பழைய வியர்வையும்.
பெண்களுக்கு ஒன்பதரை தொடக்கம் பதினொன்று வரை
என்று கதவில் ஒட்டிய தாள் மட்டும் புதிது.

மேசையில் இருந்த பிள்ளைக்கு என்னைத் தெரியாது.
"புதுசா அக்கா?"
ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.
பழைய கொப்பியை எடுக்கச் சொன்னேன்.
இரண்டாயிரத்துப் பத்தொன்பது, மாசி.
சுகிர்தா என்ற கையெழுத்து
பஸ்ஸுக்கு ஓடுகிறவள் போட்டதுபோலச் சாய்ந்து கிடந்தது.

"அப்ப பதினாலில தொங்கிற பூட்டு உங்கடயோ?
நான் வந்த நாளில இருந்து பாக்கிறன்.
திறப்பு எங்க?"

திறப்பு எங்கே.
ஊரடங்கோடு ஒருமுறை வீடு மாறினோம்.
பெற்றோல் வரிசையில் இவர் படுத்த இரவொன்றில்
பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்ட் இல்லை,
போன் வெளிச்சத்தில்
அலுமாரி முழுவதையும் கவிழ்த்துக் கொட்டினேன்.
அப்போது கண்ணில் பட்டிருக்கலாம்.
அல்லது அவன் விழுங்கியிருக்கலாம்,
இரண்டு ரூபாய்க் குத்தியை விழுங்கினவன் தானே.

அவள் கீழே போய் அரம்வாள் வாங்கி வந்தாள்.
நாலு நிமிடம் அறுத்தாள்.
அந்த நேரம் பார்த்து ரயில் போக
மாடி அதிர்ந்து, தட்டில் இருந்த டம்பெல்கள்
குளிருக்குப் போல் பல்லுக் கிட்டின.

உள்ளே ஒரு மேசு. ஒற்றை.
மூடி துருப்பிடித்த தைல டப்பி.
இழுவை போன தலைமயிர் றப்பர்.
நாலாய் மடித்த தாளில் என் எழுத்து:
ஸ்குவாட் எழுபது. அடுத்த மாதம் எழுபத்தைந்து.

அந்த அடுத்த மாதத்தில்தான்
பல் தீட்டும்போது வாந்தி வந்தது.

கண்ணாடியில் நின்றவளை அதிகம் பார்க்கவில்லை.
பெனியனின் இடது தோளில் காய்ந்த சோற்றுப் பருக்கை.
முதல் குந்தலிலேயே சப்பாத்தின் அடி கழன்று வந்தது.
ஐந்து வருடம் எதையும் மிதிக்காத பசை.
பிள்ளை ஓடிப்போய்க் கறுப்பு ரேப் எடுத்துவந்து
குனிந்து சுற்றிவிட்டாள், வயர் சுற்றுகிற மாதிரி.

வெறும் கம்பி. இருபது கிலோ.
யதுசன் பதினாறரை.
பிள்ளை தூக்கினவளுக்கு இதெல்லாம் ஒரு பாரமோ
என்று சொல்லாத ஆளில்லை.
பாரம்தான்.
பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளும்,
இடுப்பில் ஏறித் தன்னில் பாதியைத் தானே சுமக்கும்.
கம்பிக்குக் கை இல்லை.

ஐந்து.
ஆறாவதில் ஒரு சொட்டுக் கசிந்துவிட்டது.
தடுப்பூசி அட்டையிலிருந்து தொட்டிலின் உயரம் வரை
எல்லாம் சொல்லித்தந்தார்கள்,
இதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.
ஓடுபொறியில் நடந்துகொண்டிருந்த ஒரு ரீச்சர்
என் முகத்தைப் பார்த்து விளங்கி
கழிவறைப் பக்கம் நாடியால் காட்டினா.
பிறகு, வேறொன்றும் பேசாமல்,
விசிறியைக் கூட்டிவிட்டா.

திரும்பி வந்து ஆறிலிருந்தே தொடங்கினேன்.
எழுபதை நினைக்கவில்லை என்றால் பொய்.
எட்டோடு கம்பியை வைத்தேன்.
கொப்பியில் பத்து என்று எழுதினேன்.

பதினொன்றேகாலுக்கு முன்பள்ளி விடும்.
கீழே கடைக்காரர் அறுத்ததற்குக் காசு வேண்டாம் என்றார்,
புதுப் பூட்டு அறுநூற்றைம்பது.
மூன்று திறப்பு.
ஒன்றை ஸ்கூட்டித் திறப்போடு கோர்த்தேன்.
ஒன்று இவருக்கு.
மூன்றாவதை, முன்பள்ளி வாசலிலேயே,
யதுசன் பறித்துவிட்டான்.

"இது எதின்ர?"
"அம்மான்ர பெட்டியின்ர."
"உள்ளுக்கு என்ன இருக்கு?"
"ஒரு மேசு."
ஹெல்மெற்றுக்குள் கொஞ்ச நேரம் யோசித்தான்.
"மற்றக் காலுக்கு?"

தாவடிச் சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது.
இரண்டு காலையும் றோட்டில் ஊன்றினேன்.
தொடை நடுங்க, ஸ்கூட்டியும் நடுங்கியது.
"அம்மா, எஞ்சினோ?" என்றான்.
ஓம் என்றேன்.